தேயிலைச் சுவைஞரும் திறனாய்வாளரும்

சுவை என்னும் சொல்லைத் தமிழர் நாவுக்கும் நெஞ்சுக்கும் பொதுவாக வைத்தனர். உணவின் சுவை ஆறு என்றனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். பின்வந்த உரையாசிரியர்களும் அணியிலக்கணத்தாரும் அவற்றைச் சுவை என்ற பெயராலேயே விளக்கினர். கரும்பைக் கடித்தவனும் கவிதையைப் படித்தவனும் ஒரே சொல்லால் தம் பட்டறிவைக் கூறும் மொழி நம்முடையது.

ஆயினும் சுவைத்தல் வேறு, மதிப்பிடுதல் வேறு. 'நன்று', 'நன்றன்று' என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுவது சுவைத்தல். ஏன் நன்று, எதனால் நன்றன்று, அக்குறை எங்கே பிறந்தது, அது தீருமா தீராதா என்று அடுத்தடுத்து வினவி விடை காண்பது மதிப்பிடுதல். சுவைப்பவர் எல்லாரும் மதிப்பிட வல்லவர் ஆகார்.

அவ்வாறு மதிப்பிடுவதிலும் மிகக் கடினமானது இளையதை மதிப்பிடுதல் ஆகும். முதிர்ந்த நூலைப் பற்றிக் காலம் முன்னரே தீர்ப்பு எழுதிவிடுகிறது; நாம் அத்தீர்ப்பை வழிமொழிந்தால் போதும். இளைய படைப்பு அத்தகைய துணை எதுவும் இன்றி நம்முன் நிற்கிறது. மாணவன் எழுதிய கட்டுரையும், இருபது வயது இளைஞர் எழுதிய முதல் சிறுகதையும், நூறாண்டுகளைச் சற்றே கடந்த ஓர் இலக்கியமும் அவ்வகையின. அவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாவிற்கு விடை காண, நான் வாழும் மலையில் நாள்தோறும் மதிப்பீட்டையே தொழிலாகச் செய்யும் தேயிலைச் சுவைஞரை நாடலாம் எனக் கருதுகிறேன்.

மலையும் அதன் வயதும்

கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளந்தாய்ந்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே, 1920களின் நடுவில், இதனை மலைவாழிடமாக ஆக்கும் முயற்சி சூடுபிடித்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல், இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழுத்த அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பாருடன் சேர்ந்து 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவுகளில் கன்று நட்ட கைகளுள் பெரும்பாலானவை தமிழ்க் கைகள் என்பதை ஈண்டுச் சொல்லாமல் விடுதல் முறையன்று.

இந்த ஆண்டுகளை மற்ற மலைகளின் ஆண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அசாமில் தேயிலைப் பயிர் 1830களிலேயே தொடங்கிவிட்டது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிகத்திற்கான முதல் தேயிலையை 1867இல் பயிரிட்டார். அவற்றோடு ஒப்பிட்டால் நம் மலைத் தேயிலை இளையது. அதனைத் தொடங்கி வைத்தவரின் நாவோ இலங்கைத் தேயிலையில் பழகிய நாவு. ஆகவே, 'இது இலங்கைத் தேயிலை போல் இருக்கிறதா? டார்ஜிலிங் தேயிலைக்கு ஈடாகுமா?' என்ற வினாக்கள் தொடக்கம் முதலே இதனைப் பின்தொடர்ந்து வருவதில் வியப்பில்லை.

மலேசியத் தமிழ் எழுத்தாளர் எவரும் இவ்விடத்தில் ஒரு கணம் நிற்பர். 'தமிழ்நாட்டில் எழுதுவது போல் இருக்கிறதா?' என்ற வினா நம் கதைகளையும் கவிதைகளையும் அவ்வாறே தொடர்ந்து வருகிறதன்றோ?

சுவைஞரின் முறை

தேயிலைச் சுவைஞர் தேநீரைக் குடிப்பவர் அல்லர். அவர் மேசையில் வெண்மையான பீங்கான் குவளைகளும் கிண்ணங்களும் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தரத்திலிருந்தும் அளந்தெடுத்த இலையைக் குவளையில் இட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, குறித்த நேரம் வைத்திருந்து, பின்னர் சாற்றைக் கிண்ணத்தில் வடிப்பர். ஊறிய இலையைக் கவிழ்த்த மூடியின் மேல் வைப்பர். காய்ந்த இலை, ஊறிய இலை, வடித்த சாறு ஆகிய மூன்றும் அருகருகே அமையும்.

சுவைஞர் முதலில் காய்ந்த இலையைக் கண்ணால் பார்க்கிறார், கையால் தொடுகிறார். ஊறிய இலையை முகர்கிறார். அது செம்பின் ஒளியோடு இருக்கிறதா, பசுமை மிஞ்சி நிற்கிறதா, கறுத்திருக்கிறதா என்று காண்கிறார். அதன்பின் ஒரு கரண்டிச் சாற்றை ஓசையெழ உறிஞ்சுகிறார். அவையில் அவ்வாறு செய்தால் நாகரிகமின்மை எனப்படும். இங்கு அது தொழில்நுட்பம். காற்றோடு கலந்து தெறிக்கும் சாறு நாவெங்கும் பரவி, அதன் மணம் தொண்டை வழியாக மூக்கினை எட்டுகிறது. சுவைத்ததை உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்திற்கு நகர்கிறார்.

இம்முறைக்கு உலகத் தரமும் உண்டு. 1980இல் வெளிவந்து 2019இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் விதி, 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம் ஊறல் என வரையறுக்கிறது. இதனோடு தொடர்புடைய பிரிட்டிஷ் தர விதி ஆறு பக்கம் கொண்டது. அறிவியல் உலகின் நகைச்சுவைப் பரிசான இக் நோபெல் பரிசு 1999இல் இலக்கியத்திற்காக அந்த ஆறு பக்கங்களுக்கு வழங்கப்பட்டது! ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆறு பக்க விதியா என்று உலகம் சிரித்தது.

சிரிப்பிற்கு அப்பால் அவ்விதியின் நோக்கத்தை நாம் உணர வேண்டும். மிகச் சுவையான தேநீரைத் தயாரிப்பது அதன் நோக்கமன்று. ஒரு தேயிலையையும் மற்றொரு தேயிலையையும் ஒரே நிலையில் நிறுத்தி ஒப்பிடுவதே அதன் நோக்கம். ஒன்றுக்கு இரண்டு கரண்டியும் மற்றொன்றுக்கு ஒரு கரண்டியும் இட்டுவிட்டு, 'இது திடமானது, அது நீர்த்தது' என்று தீர்ப்புக் கூறினால் அத்தீர்ப்பு இலையைப் பற்றியது ஆகாது. கரண்டியைப் பற்றியதே ஆகும்.

மலையில் மற்றொரு நுட்பமும் உண்டு. தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே, ஒரே இலை இங்கு ஊறும்போது ஒரு தன்மையும் ஈப்போவில் ஊறும்போது சற்றே வேறு தன்மையும் காட்டும். இலையைக் குறை கூறுமுன் நீரைப் பார்க்க வேண்டும் என்பது சுவைஞரின் பாலபாடம். தோட்டப்புற மாணவனின் ஏட்டையும் நகர மாணவனின் ஏட்டையும் அருகருகே வைத்துத் திருத்தும் ஆசிரியருக்கும் அதுவே பாலபாடமாக வேண்டும்.

துவர்ப்பு என்னும் சுவை

தேநீரின் உயிர் துவர்ப்பு. இதனைக் குறிக்க மேலைநாட்டார் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். அவர்கள் வகுத்த இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கனுள் அதற்கு இடமில்லை. நமக்கோ அது ஆறு சுவைகளுள் ஒன்று. பாக்கு, கடுக்காய், வாழைப்பூ, மாதுளம்பிஞ்சு ஆகியவற்றை உண்டு வளர்ந்த நாவிற்குத் துவர்ப்பை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தேயிலையிலுள்ள துவர்ப்பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் நாவின் வழுவழுப்பு நீங்கி ஓர் இறுக்கம் தோன்றுகிறது என்று இன்றைய அறிவியல் விளக்குகிறது. அதனைச் சுவை என்பதைவிடத் தொடுவுணர்ச்சி என்பதே பொருந்தும் என்று கருதும் ஆய்வாளரும் உளர். பால் கலந்தால் துவர்ப்புத் தணிவதற்கும் இதுவே காரணம். பாலின் புரதம் உமிழ்நீர்ப் புரதத்திற்கு முன்னரே அப்பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. கட்டிப்பால் ஊற்றி, உயரத் தூக்கி ஆற்றும் நம் நாட்டுத் 'தே தாரிக்'கில் துவர்ப்பு அடங்கிப்போவதை நாள்தோறும் உணர்கிறோம்.

தே தாரிக் இனிய பானமே. ஆயினும் இலையை மதிப்பிட வேண்டுமானால் பாலும் சீனியும் இல்லாத சாற்றைத்தான் சுவைக்க வேண்டும். இனிப்பு எல்லாக் குறைகளையும் மூடிவிடும், நிறைகளையும் மூடிவிடும். நம் நூல் வெளியீட்டு விழாக்களின் வாழ்த்துரைகளைக் கேட்கும்போது எனக்குக் கட்டிப்பாலின் நினைவு எழுவதுண்டு. அங்கு எல்லா நூலும் ஒரே சுவையுடையது. எந்த நூலும் தன் சுவையோடு அவைக்கு வருவதில்லை.

துவர்ப்பு ஒரு குறையா? அளவான துவர்ப்பு நாவைத் துப்புரவாக்கி, அடுத்த மிடறை நாடச் செய்கிறது. அது தேநீரின் எழுச்சி. நாவை வறட்டி, தொண்டையில் கரகரத்து, நெடுநேரம் அகலாது நிற்கும் துவர்ப்பு குறை. ஆகவே துவர்ப்பு இருக்கிறதா என்று கேட்பது பயனற்ற கேள்வி. அது எவ்வளவு, எதனோடு கூடி நிற்கிறது, எவ்வாறு முடிகிறது என்பனவே பயனுள்ள கேள்விகள். தோட்ட வாழ்வின் துன்பத்தை எழுதும் கதைகளில் கசப்பு மிகுந்திருக்கிறது என்று முறையிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கசப்பு இருப்பது குற்றமன்று. அக்கசப்பு கதையை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே வினா.

குறை பிறக்கும் இடம்

தேர்ந்த சுவைஞரையும் வெறும் குறைகாண்பவரையும் பிரித்துக் காட்டுவது ஒன்று உண்டு. குறைகாண்பவர் குறை இருக்கிறது என்பதோடு நின்றுவிடுவார். சுவைஞர் அது எங்கே பிறந்தது என்று சொல்வார். தேநீரின் குறை நான்கு இடங்களில் பிறக்கலாம்.

முதலாவது, இலை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கைவிரலால் கிள்ளிய கொழுந்து மென்மையானது. ஆள் பற்றாக்குறையால் இம்மலையில் கத்தரியும் இயந்திரமும் கைவிரலின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. இயந்திரம் கொழுந்தோடு முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்தே வெட்டும். அவற்றைச் செவ்வையாகப் பிரிக்காவிடில் சாறு வலுவிழக்கும்.

இரண்டாவது, ஆக்கம். பறித்த இலையை வாட்டுகின்றனர், உருட்டி நசுக்குகின்றனர், காற்றுப்பட வைத்து நிறம் மாறச் செய்கின்றனர், வெப்பக் காற்றில் உலர்த்துகின்றனர், சலித்துத் தரம் பிரிக்கின்றனர். நிறம் மாறும் நிலையை ஆங்கிலேயர் கள் புளிப்பதற்குரிய சொல்லாலேயே குறித்தனர். உண்மையில் அங்கு ஈஸ்ட்டுக்கு வேலையில்லை. இலையில் இயல்பாக உள்ள நொதியே காற்றோடு கூடி அம்மாற்றத்தைச் செய்கிறது. நாம் வழங்கும் 'நொதித்தல்' என்ற சொல்லுக்குள் நொதி இருப்பதால் நம் சொல் தற்செயலாகவே பொருத்தமாகிவிட்டது! இந்த நிலையில் பிறக்கும் தியாஃபிளேவின் என்னும் பொருள் சாற்றிற்கு ஒளியையும் கூர்மையையும் தருகிறது. தியாருபிஜின் என்பது நிறத்தையும் திடத்தையும் தருகிறது. நேரம் குறைந்தால் பச்சை வாடை நிற்கும்; நேரம் மிகுந்தால் நிறம் கறுத்து, கூர்மை மழுங்கும். உலர்த்தும் சூடு மிகுந்தால் கருகல். புகை கசிந்தால் புகைநாற்றம்.

மூன்றாவது, காப்பு. தேயிலை அண்டை வீட்டு மணத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும் பொருள். வெங்காயத்தின் பக்கத்தில் வைத்தால் வெங்காயமாகும்; சவர்க்காரத்தின் பக்கத்தில் வைத்தால் சவர்க்காரமாகும். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும்.

நான்காவது, ஊற்றும் கை. நல்ல இலையையும் அடுப்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது கடுத்துப்போகும்.

நான்கு குறைகளும் நாவில் 'நன்றாக இல்லை' என்ற ஒரே உணர்ச்சியாகவே தோன்றும். ஆனால் தோட்டத்தின் குறைக்குத் தொழிற்சாலையைக் கண்டிப்பதும், கடைக்காரர் கெடுத்ததற்குக் கொழுந்து பறித்தவரைக் கண்டிப்பதும் அறமாகா. மதிப்பீட்டில் அறம் என்று ஒன்று உண்டு என்பதைச் சுவைஞரின் மேசை நமக்குத் தெளிவாக்குகிறது.

ஓர் இளம் மதிப்பீடு

இம்முறையைப் பின்பற்றி, நம் மலையில் விளைந்து உறைபிரித்து நாளாகாத ஒரு கறுப்புத் தேயிலையை அளந்து ஊறவைத்துச் சுவைத்தபோது எனக்குத் தோன்றியதைக் கூறுகிறேன். சாறு செம்மஞ்சளும் சிவப்பும் கலந்து தெளிவாக இருந்தது. மணம் மெல்லியது, வெட்டிய புல்லையும் உலர்ந்த மலரையும் நினைவூட்டியது. நாவில் பட்டவுடன் கூர்மை தெரிந்தது. துவர்ப்பு அளவோடு எழுந்து விரைவில் தணிந்தது. நடுச்சுவை சற்று மெலிந்தது. முடிவு தூயது, ஆயினும் குறுகியது. நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாகச் சொல்லும் 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதன் சாயல் அதில் உண்டு என்பேன்.

இவற்றுள் எது குறை, எது இயல்பு? டார்ஜிலிங் மலையில் குளிர்காலத்தில் செடி உறங்குகிறது. உறக்கம் நீங்கி வசந்தத்தில் எழும் முதற்கொழுந்து அரிய மணம் உடையது. நிலநடுக்கோட்டை அடுத்த நம் மலையில் செடிக்கு உறக்கமில்லை. ஆண்டு முழுவதும் துளிர்க்கிறது. ஏறத்தாழ மூன்று வாரத்திற்கு ஒருமுறை அறுவடை நடைபெறுகிறது. ஆகவே, டார்ஜிலிங் முதற்கொழுந்தின் மணம் இதில் இல்லை என்று குறை கூறுவது, குறிஞ்சியில் நெய்தல் இல்லையே என்று வருந்துவதற்கு ஒப்பாகும். மென்மணம் இதன் நிலத்தின் இயல்பு. நடுச்சுவையின் மெலிவோ இயல்பென்று ஒதுக்கத்தக்கதன்று. முற்றிய இலை கலந்தமையால் நேர்ந்திருக்கலாம். ஆக்குவோர் நோக்கினால் திருத்திக்கொள்ளலாம். முன்னதைக் குறையென எழுதினால் தேயிலைக்கு அநீதி. பின்னதை இயல்பென மன்னித்தால் குடிப்பவருக்கு அநீதி.

அயர்லாந்து தரும் பாடம்

இளமையை மதிப்பிடும் சிக்கல் தேயிலையில் ஓரளவே தெரியும். ஏனெனில் தேயிலைக்குப் புதுமையே சிறப்பு, முதுமை இழப்பு. முதுமையையே சிறப்பாகக் கொண்ட பானம் ஒன்றில் அச்சிக்கல் முழுமையாகத் தெரிகிறது. அயர்லாந்தின் விஸ்கி அத்தகையது. நான் மது அருந்துபவன் அல்லேன். தோட்டங்களில் கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை குடும்பங்களின் கூலியைக் கரைத்தன என்பதை அறிந்த எவரும் அதனைப் புகழ மாட்டார். ஆயினும் மதிப்பீட்டு முறையைக் கற்பதற்குப் பொருளை அருந்த வேண்டுமென்பதில்லை.

அந்நாட்டின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், வடித்த சாராயம் மூன்றாண்டுக்குக் குறையாமல் மரப்பீப்பாயில் இருந்தால்தான் ஐரிஷ் விஸ்கி என்னும் பெயர் பெறும் என்கிறது. ஒரு காலத்தில் செழித்திருந்த அத்தொழில் நலிந்து, 1970களின் பிற்பகுதியில் அயர்லாந்துத் தீவு முழுமைக்கும் இரண்டு வடிசாலைகளே எஞ்சின. 1987இல் கூலி என்னும் வடிசாலை தோன்றியது. பின்னர்ப் பத்துக் கணக்கில் புதியவை எழுந்தன. டப்ளின் நகரில் நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு 2015இல் டீலிங் வடிசாலை திறக்கப்பட்டது. அங்கேயே வடித்து மூன்றாண்டு முதிர்ந்த சரக்கு 2018இல் வெளிவந்தது. முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பார்லியும் கலந்து வடிக்கும் பழைய அயர்லாந்து முறையில் அமைந்தது அது.

மூன்றாண்டுச் சரக்கைப் பன்னிரண்டாண்டுச் சரக்கின் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? இளையதில் தானியத்தின் மணம் மேலோங்கி நிற்கும். நாவில் காரம் தைக்கும். மரம் தரும் ஆழம் குறைந்திருக்கும். இவை காலம் ஆற்றக்கூடியவை. ஆனால் வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் கழித்து நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். அந்த வெட்டு தவறினால் விரும்பத்தகாத நாற்றங்கள் சரக்கில் ஏறிவிடும். மரம் அவற்றைப் போர்த்தலாமே அன்றி முற்றிலும் போக்க இயலாது. ஆகவே தேர்ந்த சுவைஞர், 'இக்காரம் வயதினால் வந்தது, பொறுத்திருக்கலாம். இந்நாற்றம் கையினால் வந்தது, பொறுக்கலாகாது' என்று பிரித்துக் கூறுவார்.

இவ்வேறுபாடு தமிழருக்குப் புதியதன்று. மூங்கிற் குழாயில் ஊறி முதிர்ந்த மதுவைப் பற்றி மலைபடுகடாம் பேசுகிறது. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிக்கிறது. கலங்கல் நீங்கித் தெளிந்த மதுவிற்குத் 'தேறல்' என்று பெயர். அதன் வேரான 'தேறு' என்பதற்குத் தெளிதல் என்பது பொருள். மாணவன் தேர்வில் 'தேறினான்' என்று நாம் இன்று கூறுவதும் அச்சொல்லாலேயே. தெளிவதற்குக் காலம் வேண்டும். காலம் கொடுத்தாலும் கெட்ட சரக்கு தேறாது. இரண்டு உண்மையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

நம் இலக்கியமும் நம் வகுப்பறையும்

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் இளையதை மதிப்பிடும் முயற்சி முறையாகவே தொடங்கியது. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழ், 1950ஆம் ஆண்டையொட்டி 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். கதை எழுதுவதைப் பாடமாக விளக்கி, எழுதியவரின் படைப்பை மதிப்பிட்ட முயற்சி அது. பின்னர் 1952 முதல் 1957 வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, எழுத்தாளரைக் கூட்டிப் படைப்புகளை நேருக்கு நேர் விமர்சிக்கும் வழக்கத்தை வளர்த்தார். அக்கூட்டங்களில் கட்டிப்பால் ஊற்றப்படவில்லை. அவற்றால் ஊக்கம் பெற்று எழுந்த எழுத்தாளர் பலர்.

இன்று நம் திறனாய்வு இரண்டு பக்கமும் சாய்ந்து நடக்கிறது. ஒரு சாரார், 'நம் நாட்டு எழுத்து இளையது. குறை கூறாதீர்' என்கின்றனர். ஒற்றுப்பிழையையும், உயிரற்ற உரையாடலையும், நாற்பது ஆண்டுகளாக மாறாத கதைமுடிவையும் இளமையின் பெயரால் பொறுக்கச் சொல்கின்றனர். மறு சாரார், தமிழ்நாட்டின் முதிர்ந்த நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு, அது போல் இல்லாத யாவும் குறை என்கின்றனர். தோட்டத்துப் பேச்சும், மலாய்ச் சொல் கலந்த உரையாடலும், நம் மண்ணுக்கே உரிய அமைதியும் அவர்கள் கண்ணுக்குக் குறைகளாகத் தோன்றுகின்றன. முதற்சாரார் வெட்டுத் தவறிய சரக்கைக் காலத்தின் பொறுப்பில் விடுகின்றனர். இரண்டாம் சாரார் கேமரன் மலையில் டார்ஜிலிங்கைத் தேடுகின்றனர். இருவருமே கிண்ணத்தில் உள்ளதைச் சுவைக்கவில்லை.

வகுப்பறையில் இது மேலும் கூர்மையாகிறது. ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. மாணவனின் அடைவை மதிப்பிடும் பொறுப்பு வகுப்பாசிரியர் கைக்கு முன்னைவிட மிகுதியாக வந்துள்ளது. முன்னர் ஓர் எழுத்தே தீர்ப்பாக இருந்தது. இன்று சொல்லால் மதிப்பிட வேண்டியுள்ளது. ஆனால் பல ஏடுகளில் நாம் எழுதுவது என்ன? 'நன்று', 'முயற்சி தேவை' என்ற இரண்டே தொடர்கள். இவை நாவின் சொற்கள். சுவைஞரின் சொற்கள் ஆகா.

எடுத்துக்காட்டாக, தோட்டத்து மழையைப் பற்றிப் பத்து வயது மாணவன் எழுதிய கட்டுரையைக் கொள்வோம். அதில் வாக்கியங்கள் குறுகியவை. உவமை ஒன்றுகூட இல்லை. 'பிறகு, பிறகு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. றகர ரகர மயக்கம் உள்ளது. ஆயினும் மழைக்கோட்டின் உள்ளே அம்மாவின் உடம்புச் சூட்டை உணர்ந்ததாக ஒரு வரி வருகிறது. குறுவாக்கியம் வயதின் இயல்பு, அதனைத் தொடலாகாது. 'பிறகு' என்பது வயது தணிக்கும் குறை, காட்டினால் போதும். றகர ரகர மயக்கம் கையின் குறை. இன்றே திருத்த வேண்டும், ஐந்து ஆண்டு கழித்துத் தானே தீராது. அம்மாவின் சூட்டைச் சொன்ன வரி இலையின் தரம். அதனை அடிக்கோடிட்டுப் பாராட்ட வேண்டும். உவமை இல்லை என்று குறைகூறி, மனப்பாடம் செய்த உவமை ஒன்றை அவன் ஏட்டில் ஏற்றினால், வெங்காயத்தின் பக்கத்தில் தேயிலையை வைத்தவர் நாமே ஆவோம்.

ஒப்புமையின் எல்லை

எல்லா ஒப்புமைக்கும் எல்லை உண்டு. தேயிலைச் சுவைஞர் சந்தைக்காக மதிப்பிடுகிறார். சென்ற மாதச் சுவையும் இம்மாதச் சுவையும் மாறாதிருக்கப் பல இலைகளைக் கலந்து ஒருநிலைப்படுத்துவதும் அவர் பணியுள் அடங்கும். திறனாய்வாளர் அதனைச் செய்யலாகாது. எழுத்தாளர் எல்லாரும் ஒரே சுவை தரத் தொடங்கினால் இலக்கியம் முடிந்துவிட்டது என்பது பொருள். சுவைஞருக்கு ஒரு கரண்டி போதும். நமக்கு ஒரு பக்கம் போதாது, முழு நூலையும் படிக்க வேண்டும். மேலும், சுவைஞரின் குறிப்பேட்டில் கொழுந்து பறித்தவரின் பெயர் இடம்பெறுவதில்லை. ஒரு காலத்தில் அக்கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த கைகளும் அவற்றுள் உள்ளன. பொருளை மதிப்பிடும்போது அதனை ஆக்கிய மனிதரை மறவாதிருத்தல் இலக்கியத் திறனாய்வு தன் பங்கிற்குச் சேர்க்க வேண்டிய ஒன்றாகும்.

மாணாக்கரின் இயல்பைக் கூறவந்த நன்னூலார் அன்னத்தை முதலில் வைத்தார். நெய்யரியைக் கடைசியில் வைத்தார். அன்னம் நீரைப் பிரித்துப் பாலைக் கொள்ளும். நெய்யரியாகிய பன்னாடையோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். தேநீர் வடிகட்டியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. சாறு முழுவதும் ஓடிப்போனபின் சக்கையை ஏந்தி நிற்கும் வடிகட்டியாக நம் திறனாய்வு ஆகிவிடலாகாது. சக்கையும் சாறும் கலந்ததை அப்படியே ஏந்தி, 'அருமை' என்று கூறும் கிண்ணமாகவும் அது இருத்தலாகாது. திருக்குறளின் 504ஆம் குறள் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து அவற்றுள் மிகுதியானதைக் கொண்டு தெளியச் சொல்கிறது. வள்ளுவர் அதனை வைத்த அதிகாரத்தின் பெயர் 'தெரிந்து தெளிதல்'. முதலில் தெரிதல், பிறகு தெளிதல் என்ற வரிசை எண்ணத்தக்கது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இளைய படைப்பு ஒன்றைக் கையிலெடுக்கும்போது இரண்டு கட்டளைகளை நெஞ்சில் இருத்துவார்களாக. இளமையைக் குறையென எழுதாதீர். குறையை இளமையென மன்னியாதீர். இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள பாதை ஒடுக்கமானது. நம் மலைப்பாதை போல் வளைந்து செல்வது. ஆயினும் மேலே ஏறுவதற்கு வேறு வழியில்லை.